உபத்திரவம் வருமுன் செய்து வைக்க வேண்டியவை

கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, தன்முன் கொண்டுவரப்பட்ட கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்பாராம். மூன்று முறையும் ஆம் என்றால் மரண தண்டனை. இதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதே கடிதத்தில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. விசாரணைக்கு வந்தவர்களில் சிலர், "ஒரு காலத்தில் இருந்தோம், விட்டுவிட்டோம்" என்றார்கள். சிலர் விட்டு மூன்று வருடம், சிலர் அதற்கும் மேல், ஒரு சிலருக்கு இருபது வருடம்கூட ஆகியிருந்தது. பிளினியின் முன்னால் வந்து நிற்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் நின்றுபோயிருந்தார்கள்.

இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் ஜெபம் சுருங்கும். பிறகு உடம்பு சரியில்லை என்று ஒரு ஞாயிறு ஆராதனை விட்டுப்போகும், மறு ஞாயிறு காரணமே தேவைப்படாது. யாராவது விசாரித்தால் "நல்லா இருக்கேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று பதில் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. கடைசியில் எதிர்ப்பு வரும்போது அது தள்ளுவதற்கு அங்கே ஆள் இருக்கமாட்டார். எனவே இந்தப் பதிவில் வீரம் பற்றிப் பேசப்போவதில்லை. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகளைப் பற்றித்தான் பேச்சு.

முதல் வேலை, வந்திருப்பது எந்த வகைப் பாடு என்று பிரித்துப் பார்ப்பது. இதைச் செய்யாமல் எல்லாவற்றுக்கும் "சிலுவை" என்று ஒரே பெயர் வைப்பதால்தான் பாதிக் குழப்பம். நோய், மரணம், வேலை இழப்பு, கடன் இவையெல்லாம் விசுவாசிக்கும் வரும், அல்லாதவருக்கும் வரும். இங்கே எதிராளி யாருமில்லை. பிசாசைக் கடிந்துகொண்டு காலம் கழிப்பதைவிட வைத்தியமும் வரவுசெலவுக் கணக்கும் புலம்பலும் இங்கே வேண்டும். விசுவாசத்தின் நிமித்தம் வரும் எதிர்ப்பு இரண்டாவது வகை. மூன்றாவது வகையை ஒத்துக்கொள்ள யாருக்கும் பிடிக்காது: நாமே வரவழைத்துக்கொண்டது. அலுவலக நேரத்தில் வேலையை விட்டுவிட்டுத் துண்டுப்பிரதி கொடுத்ததற்கு மேலதிகாரி கண்டித்தால் அது உபத்திரவம் ஆகாது. மற்றவர்கள் கும்பிடுவதைக் கேலி செய்து வாங்கிக்கட்டிக்கொள்வதும் அப்படியே. பேதுரு இதை நேராகவே எழுதியிருக்கிறார் (1 பேதுரு 4:15): கொலைபாதகனாக, திருடனாக, பொல்லாங்கு செய்தவனாக, அந்நிய காரியங்களில் தலையிட்டவனாக ஒருவனும் பாடுபட வேண்டாம். கொலையோடு ஒரே வரியில் ஊர்வம்பையும் வைத்திருக்கிறார், கவனியுங்கள்.

நான்காவது வகை, பக்தியின் பெயரால் பொறுத்துக்கொள்ளச் சொல்லப்படும் கொடுமை. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "இது உங்கள் சிலுவை, சுமந்துகொள்ளுங்கள்" என்று சொல்வது தவறான ஆலோசனை. அடிப்பவன் ஜெபக்கூட்டம் நடத்துகிறவனாக இருந்தாலும் அதே பதில்தான்: முதலில் பாதுகாப்பான இடம், பிறகு மற்றதெல்லாம்.

பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். நடந்ததை ஐந்து வரியில், காரணம் சேர்க்காமல் எழுதுங்கள். பிறகு ஒரு கேள்வி: நான் கிறிஸ்தவராக இல்லாமல் இருந்து, இதே மாதிரி நடந்துகொண்டிருந்தால், இது எனக்கு நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அது முதல் வகை அல்லது மூன்றாம் வகை. நடந்திருக்காது என்றால் இரண்டாவது. ஒரே சம்பவத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்திருப்பது சகஜம். அப்போது நம் பங்குக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மற்ற பங்கைத் தாங்க வேண்டும்.

அடுத்தது புலம்பல். சபைகளில் இதைச் சொல்லிக்கொடுப்பது குறைவு. சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நாம் பாடுவதோ மீதியை மட்டும். துக்கத்தில் இருப்பவர் துதி மட்டுமே பேசும் கூட்டத்தில் உட்கார்ந்தால், தன் ஜெபத்துக்கு இங்கே இடமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

பழகுவதற்கு 13-ஆம் சங்கீதம் ஏற்றது. மொத்தம் ஆறே வசனம், மூன்று பகுதி. முதல் இரண்டு வசனம் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: என்னை நோக்கிப் பாரும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டும் நம்பிக்கை. நம்முடைய ஜெபத்தையும் இதே அளவில் அமைக்கலாம். வலியை அதன் பெயர் சொல்லி இரண்டு மூன்று வாக்கியம். "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், "மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்று சொல்ல வேண்டும். பிறகு, தேவன் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வாக்கியம். முடிவில், இதுவரை அவர் செய்ததில் உறுதியாகத் தெரிந்த ஒன்றை மட்டும். சத்தமாகச் சொன்னாலும் சரி, எழுதினாலும் சரி, பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இதில் பெரும்பாலோர் தடுமாறுவது மூன்றாம் பகுதிக்கு அவசரமாகத் தாவும்போது. முறையீட்டை ஒரு வரியில் முடித்துவிட்டு "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்று போனால், சொல்லாத வலி இரவு இரண்டு மணிக்கு எழுப்பும். மூன்றாம் பகுதி வரவே மறுக்கும் நாட்களும் உண்டு. அதற்கென்றே 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. பதினெட்டு வசனமும் இருட்டு. நண்பர்களும் தூரமாகிப் போனார்கள் என்ற புகாரோடு முடிகிறது, நம்பிக்கை வரி ஒன்றும் கடைசியில் ஒட்டப்படவில்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். எனவே அப்படியே முடிகிற ஜெபத்துக்கும் அனுமதி உண்டு.

உடம்பை மறக்க வேண்டாம். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுக்கிறார். நடந்த வரிசையைப் பாருங்கள்: தூக்கம், அப்பமும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, நாற்பது நாள் நடை. அதற்குப் பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று பேச்சே ஆரம்பிக்கிறது. முடிவில் எலிசா என்ற துணையும் கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவு எண்ணம் வந்தால் அன்றைக்கே. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்பவர், சர்க்கரை நோய்க்கு அவரே மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி தினசரி ஒழுங்கு. நல்ல நாட்களில் போட்ட ஒரு மணி நேரத் திட்டம் கெட்ட நாட்களில் முதல் வாரமே நொறுங்கும். நொறுங்கியதும் குற்ற உணர்வு, அதனால் மொத்தமாக விடுவது. இதைத் தடுக்க, இதற்குக் கீழே போகமாட்டேன் என்று ஓர் அடிமட்ட அளவை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கீதம், கர்த்தர் கற்பித்த ஜெபம், ஒரு விசுவாசிக்கு ஒரு செய்தி. பத்து நிமிடம். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் செய்யலாம். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற தடைச்சட்டம் கையெழுத்தானது தெரிந்த பிறகும், தானியேல், "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றார் (தானியேல் 6:10). அன்றைக்குப் புதிதாக எதையும் அவர் தொடங்கவில்லை. பழைய வழக்கம்தான் அவரைத் தாங்கியது.

மனப்பாடம் கட்டாயம். புத்தகமும் போனும் கையில் இல்லாத இடங்கள் உண்டு. இருந்தாலும் படிக்கிற மனநிலை இல்லாத நாட்கள் இன்னும் அதிகம். சங்கீதம் 13 (ஆறு வசனம்), 23 (ஆறு), 121 (எட்டு), ரோமர் 8:31-39 (ஒன்பது), மத்தேயு 5:3-12 (பத்து). மொத்தம் 39 வசனம். வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும். திங்களன்று ஐந்து முறை உரக்கப் படித்து, பிறகு மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். மற்ற நாட்களில் காலையில் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. ஞாயிறன்று அதுவரை படித்த எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஞாயிறு வேலையை விட்டால் பத்தாவது வாரத்தில் முதல் வசனம் காணாமல் போயிருக்கும்.

பகுதி பகுதியாகப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனி வசனங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டவர்கள் நெருக்கத்தில் அடிவாங்குகிறார்கள். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற எரேமியா 29:11 எத்தனை சுவர்களில் தொங்குகிறது! அதற்கு முந்திய வசனம் எழுபது வருடம் என்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அது கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே செத்துப்போயிருப்பார்கள். அதனால்தான் 5-ஆம் வசனம் தொடங்கி வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள், சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வருகிறது. வசனம் மெய்யானதுதான். அடுத்த மாதமே எல்லாம் சரியாகும் என்று அதில் படித்தவர், மாதம் முடிந்ததும் தேவன் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்.

வீட்டுக்குள் வரும் எதிர்ப்புதான் எல்லாவற்றிலும் கடினம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் முதல் மாதத்திலேயே வீட்டார் எல்லோரையும் மாற்றிவிடப் பார்ப்பார். பேச்சு அதிகமாகும், வேலை குறையும். வீட்டார் பார்வையில், பிள்ளை சபைக்குப் போனதிலிருந்து பொறுப்பில்லாமல் ஆகிவிட்டது. 1 பேதுரு 3:1-2 போதனையின்றி நடக்கையினால் ஆதாயப்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. முன்பு செய்த வீட்டு வேலையை இப்போது இன்னும் ஒரு படி கூடுதலாகச் செய்யுங்கள். கொடுத்துவந்த பணத்தை நிறுத்த வேண்டாம். கேட்டால் மட்டும் பதில். அந்தப் பதிலையும் முன்பே தயார் செய்து, நான்கு வாக்கியத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: என்ன நம்புகிறேன், ஏன், உங்கள் மீதுள்ள மரியாதையில் எது மாறவில்லை, எதை மட்டும் என்னால் செய்ய முடியாது. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" (1 பேதுரு 3:15) என்பதை நடைமுறையில் சொன்னால், எதிரே இருப்பவர் குரல் உயரும்போது நம்முடையது தாழ வேண்டும். முடியாவிட்டால், "அப்புறம் பேசலாம், இப்ப எனக்குக் கோபம் வருது" என்று எழுந்துவிடலாம். முற்றுப்புள்ளி வைக்காமல் எழுந்து போவதில் தோல்வி ஒன்றும் இல்லை.

செய்ய முடியாதவற்றின் பட்டியல் சிறியதாக இருக்கட்டும். தானியேல் பாபிலோனியப் பெயரை ஏற்றார், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார், அரசுப் பணி செய்தார். அப்போது ராஜாவின் போஜனத்தை மட்டும் முடியாது என்று மறுத்தார். அதையும் அதிகாரியிடம் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகத்தான் கேட்டார். எல்லாவற்றிலும் கோடு போடுகிறவருக்கு, முக்கியமான கோட்டில் நிற்கும்போது தெம்பு மிஞ்சுவதில்லை.

ஓடலாமா, நிற்கலாமா என்ற கேள்விக்கு வேதம் இரண்டையும் காட்டுகிறது. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றது இயேசுவே (மத்தேயு 10:23). பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். சிமிர்னா சபையின் கண்காணி (ஆயர்) பாலிகார்ப், கி.பி. 155 வாக்கில், நண்பர்கள் வற்புறுத்தியதால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் ஒளிந்திருந்தார். பிடிபட்டபோது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் ஜெபித்தார். பிறகு சாகும்வரை அசையவில்லை. அவருடைய மரணத்தைப் பற்றி சிமிர்னா சபை எழுதிய ஆவணம் குவிந்துஸ் என்பவனையும் சொல்கிறது. தானாகப் போய்ச் சரணடைந்து, மற்றவர்களையும் உசுப்பிவிட்டவன். தன்மேல் ஏவப்போகும் மிருகங்களைப் பார்த்ததும் நடுங்கி, ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டான். தாங்களாகப் போய்த் தங்களை ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று அந்தச் சபை எழுதிவைத்தது. சமூக ஊடகத்தில் சவால் விடுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பது நல்லது.

சட்டத்தைப் பயன்படுத்துவதும் விசுவாசக் குறைவு ஆகாது. பவுல் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சாட்டையடியைத் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25), இராயனுக்கு அபயமிட்டார், அதாவது பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார் (25:11), பிலிப்பியில் இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார் (16:37). எதிர்ப்பு மிரட்டலாக மாறும் நாளிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள். தேதி, மணி, இடம், யார், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள். அன்றே எழுத வேண்டும், மறுநாள் எழுதினால் நம் விளக்கமும் சேர்ந்துவிடும். வந்த செய்திகளை அழிக்காமல் நகல் எடுத்து, வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் ஒரு பிரதி. அடையாள அட்டை, சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு, கொஞ்சம் பணம் ஒரே பையில். வக்கீலின் எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள், போன் பறிபோகும். நெகேமியா ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார், இரண்டும் ஒரே வசனத்தில் (4:9).

தனியாகத் தாங்க முடியாது. ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. குருமார்கள் துரத்தப்பட்டார்கள், பிறகு கொல்லப்பட்டார்கள். 1865-இல் நாகசாகியில் ஒரு பிரெஞ்சுக் குருவிடம் உரகாமிக் கிராமத்தார் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொன்னார்கள். குருவில்லாமல் ஏழு தலைமுறை. எப்படி முடிந்தது? வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பண்டிகை நாட்காட்டியைக் காத்தார், ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார், ஒருவர் வீடுவீடாகச் செய்தி கொண்டுபோனார். ஒருவர் இறந்தால் அந்தப் பொறுப்பு அடுத்தவருக்குப் போகும். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கக் குரு இல்லாததால், பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாப ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துக் காட்டும்படி அதிகாரிகள் கட்டாயப்படுத்திய நாட்களில் வீட்டுக்கு வந்து சொன்னதும் அதைத்தான்.

இன்றைக்கு இரண்டு அல்லது மூன்று பேர் போதும், ஐந்தைத் தாண்டினால் உண்மை பேசுவது நின்றுவிடும். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம். இந்த வாரம் எது பாரமாக இருந்தது, எங்கே சறுக்கினாய், நாங்கள் என்ன செய்யட்டும் என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்கு "ஜெபம் பண்ணுங்க" என்ற பதிலோடு விடாதீர்கள். கடன் தவணைக்கு முன்தினம் கூட வந்து உட்காருவது, ஆஸ்பத்திரியில் ஒரு இரவு மாற்றிவிடுவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என்று ஏதாவது ஒன்று கேட்டு வாங்குங்கள். பண உதவி செய்தால் எதற்கு என்று பேசிக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும். இந்தக் குழுக்கள் கெடுவது இரண்டு வழியில். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவர் கதை ஊர் முழுக்கப் போவது ஒன்று. எப்போதும் ஒருவரே தாங்குபவராக இருந்து ஒருநாள் அவர் முறிவது இன்னொன்று. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். பேச ஆரம்பித்ததும் கெட்டது.

விழுந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், விழுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பேதுரு மறுதலிக்குமுன்பே இயேசு அவருக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். நீ குணப்பட்டபின்பு சகோதரரை ஸ்திரப்படுத்து என்று அடுத்த வேலையையும் கையோடு கொடுத்தார் (லூக்கா 22:32). கி.பி. 250-இல் தேசியு பேரரசன் எல்லோரும் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்கள் எகிப்தின் பாப்பிரஸ் தாள்களில் இன்றும் கிடைக்கின்றன. ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். கார்த்தேஜின் கண்காணி சிப்பிரியான் தலைமறைவானார், அதற்கு ஏச்சும் வாங்கினார். தேசியு 251-இல் போரில் செத்தான், உபத்திரவம் தணிந்தது. சபைக்குள் பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வலுத்தது: விழுந்தவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்கவே கூடாது என்று ரோமாபுரியின் மூப்பர் நோவாசியன் தனியாகப் பிரிந்தார். சிப்பிரியான் கூட்டிய சங்கம், அவரவர் செய்ததை விசாரித்து, மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுத்துச் சேர்க்கலாம் என்றது. ஒளிந்தவர் என்று ஏசப்பட்ட அதே சிப்பிரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார்.

திரும்பி வருகிறவர் முதலில் ஒருவரிடம், நடந்ததைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். மேடையில் சாட்சி சொல்லச் சொல்லி இழுக்காதீர்கள். பாடல் குழு, பிள்ளைகள் வகுப்பு என்று பழைய பொறுப்பை உடனே கொடுக்கவும் வேண்டாம், ஒரேயடியாகப் பறிக்கவும் வேண்டாம். மேலே சொன்ன அந்தப் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கட்டும், இரண்டு மூன்று மாதம் ஒருவர் கூட இருக்கட்டும். ஏன் விழுந்தாய் என்று ஒரு தடவை கேட்டாயிற்று என்றால் மறுபடி கேட்க வேண்டாம். விழாமல் நின்றவர்களையும் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் பட்டது அதிகம், அந்தக் கசப்பு விழுந்தவர்கள் மேல் பாயும். அவர்களுக்கும் 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனம் தேவைப்படும்.